முடிச்சவிழ்ப்பு விழா

நம்மட ஊரில ஒரு சாமான் தொலைஞ்சா முந்தியெல்லாம் லேசான வேலை. கண்டெடுத்தவன் பள்ளிக்குக் கொண்டு போவான். தொழுகை முடிஞ்ச கையோட பாங்கு சொல்ற மோதினார் எழும்பி, "ஒரு சாமான் கிடைச்சிரிக்கு, அடையாளம் சொல்லி எடுங்க" எண்டுவார். அதுக்கு மேல ஒரு சொல்லு வராது. என்ன சாமான், எவ்வளவு, எதில கட்டிக் கிடந்த, ஒண்டும் சொல்ல மாட்டார். உரியவன் வந்து, பை இப்படி, கட்டு இப்படி எண்டு தன்ட வாயால சொன்னா எடுத்துக்கொண்டு போவான். போகக்குள்ள கண்டெடுத்தவனுக்கு ஒரு துஆவும் கேட்டுட்டுப் போவான்.

இப்படிச் செலவில்லாம முடியிற ஒரு வேலையப் பாத்துக்கொண்டு ஊர்ப் பெரிய மனிசர் சும்மா இரிப்பாங்களா? சங்கம் வெச்சாங்க. கடற்கரை வட்டார அமானிதப் பாதுகாப்பு மற்றும் நற்பண்பு மேம்பாட்டுச் சங்கம். ஒரு மூச்சில சொல்லி முடிக்க ஏலாது, நடுவில தண்ணி குடிக்கணும். மெயின் ரோட்டில கட்டடம், கட்டடத்துக்கு மேல நாலு திசைக்கும் நாலு ஸ்பீக்கர், உள்ளுக்கு இரும்பு அலுமாரி. அந்த அலுமாரிக்குள்ள இத்தன வருஷமா இருந்த சாமான் ரெண்டு. ஒத்தச் செருப்பு ஒண்டு, குடை ஒண்டு. குடை செயலாளர் அஸ்ஹர் மாஸ்டரோடது. அவர்ட குடைதான் எண்டு அவருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும். ஆனாலும் சங்கத்திர சட்டமான யாப்புப்படி ஒரு வருஷம் அறிவிக்கணுமாம். அதனால மாரி மழைக்குள்ள மாஸ்டர் நனைஞ்சு நனைஞ்சு வந்து, அலுமாரியத் திறந்து, குடை பத்திரமா இரிக்கா எண்டு பாத்துட்டு, திரும்பவும் நனைஞ்சு வீட்ட போவார். இதச் சங்கத்திர நடுநிலைமைக்கு உதாரணமா எல்லாக் கூட்டத்திலயும் சொல்லுவாங்க.

இந்தச் சங்கத்திட்டத்தான் நிஸாம் போய் மாட்டினான்.

நிஸாமுக்கு ஓட்டோ ஓட்டுற தொழில். மீதிச் சில்லறை இல்லாட்டி பக்கத்துக் கடையில மாத்தியாவது குடுத்துட்டுத்தான் போவான், அப்படி ஒரு மனிசன். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி வீட்டு வாசல்ல ஓட்டோவக் கழுவக்குள்ள, பின் சீட்டுக்குக் கீழால ஒரு கொட்டப்பெட்டி கிடந்திச்சு. ஓலையில இழைச்ச உள்ளங்கையளவு பெட்டி. பொம்புளையள் வெத்திலை பாக்கு வெச்சு மடியில சொருகுவாங்களே, அது. மீன் பிடிக்கிற தங்கூசி நூலால இறுக்கிக் கட்டியிருந்திச்சு. சும்மா கட்டில்ல, வலைக்காரர் போடுற முடிச்சு. கருவாட்டு மணம் மூக்கில அடிச்சிச்சு. அமத்திப் பாத்தான். உள்ளுக்குத் தாள்ச் சல்லி, அதுவும் தடிப்பா.

நிஸாம்ட பொஞ்சாதி றஸ்னா வாசல்லயே விசாரணைய முடிச்சிட்டா.

"இஞ்ச பாருங்க, இண்டைக்கு ஆர் ஆர ஏத்தின நீங்க?"

"பேங்க் மிஸ் ஒராள். ஆசுபத்திரிக்கு ஒரு மாப்பிள்ளையும் பொஞ்சாதியும். பிறகு மார்க்கட்டடியில ஒரு கருவாட்டு அக்கா, பாண்டிருப்புச் சந்தியில இறங்கினாங்க."

"பேங்க் மிஸ்ஸா மடியில கொட்டப்பெட்டி சொருகிற? இன்னுமென்ன யோசின? போய்க் குடுத்துட்டு வாங்க. அந்த மனிசி இப்ப தலையில அடிச்சிக்கொண்டு நிக்கும்."

"எனக்கும் அப்படித்தான் தெரியிது. ஆனா திட்டமாத் தெரியாதே புள்ள. பிறத்தியார்ட சல்லி. ஆள் மாறிக் குடுத்தா மறுமையில நான்தானே பதில் சொல்லணும்? முறைப்படி அறிவிச்சுக் குடுத்திருவம்."

அவன் செய்த பிழை இந்த ஒண்டுதான். நல்லது செய்யிறத்துக்கு ஒருத்தன் வழி கேட்டுப் போனா, வழி சொல்லத்தான் நம்மட ஊரில ஆள் நிறைய இரிக்கே. பள்ளிக்குப் போனான். மோதினார் கையெடுத்துக் கும்பிடாத குறை. "சல்லி விஷயமா? வேணாம் மகன். சங்கத்துக்குப் போ. நாங்க அறிவிச்சா அவங்களுக்குக் கோவம் வரும்."

சங்கத்தில தலைவர் மஜீட் ஹாஜியாரும் அஸ்ஹர் மாஸ்டரும் இருந்தாங்க. ஹாஜியாருக்கு ஹார்ட்வெயார் கடை. மாஸ்டர் உப அதிபரா இருந்து பென்சன் எடுத்தவர், மைக்கக் கண்டா கதைக்காம இரிக்க ஏலாது. நிஸாம் மேசையில கொட்டப்பெட்டிய வெச்சானோ இல்லையோ, ஹாஜியார்ட கண் கலங்கிட்டு.

"மாஸ்டர், வந்திட்டு!"

"என்ன வந்த ஹாஜியார்?"

"சாமான்! சல்லியோட சாமான்!"

ரெண்டு பேரும் எழும்பி நிஸாமக் கட்டிப் பிடிச்சாங்க. நிஸாம் மூச்சுத் திணறித் திணறி, "ஹாஜியார், இது ஒரு கருவாட்டு அக்காட போல இரிக்கி, பாண்டிருப்பில" எண்டான். மாஸ்டர் சட்டெண்டு அவன்ட வாயப் பொத்தினார்.

"சொல்லாத! ஆர்ட எண்டு நீ சொன்னா எங்கட நடுநிலைமை கெட்டுப்போகும். ஆர்ட எண்டு தெரிஞ்ச சாமான நாங்க எப்படித் தொலைஞ்ச சாமானெண்டு பாரமெடுக்கிற? இனி உன்ட வேலை முடிஞ்சிட்டு. நாளைக்கு அஸருக்குப் பிறகு குளிச்சு வெள்ளச் சட்ட போட்டுக்கொண்டு வா."

"என்னத்துக்கு மாஸ்டர்?"

"விழாவுக்கு."

புதன்கிழமை அஸருக்குப் பிறகு ரோட்டில பந்தல், கதிரை, தின்னப் பெற்றிஸ், குடிக்கத் தேத்தண்ணி. பந்தல் உசரத்துக்கு பேனர். அதில 'நேர்மைச் செம்மல் ஓட்டோ நிஸாம்' எண்டு போட்டு, அடையாள அட்டையில இரிக்கிற படத்தப் பெருப்பிச்சு ஒட்டியிருந்தாங்க. அந்தப் படத்தில நிஸாமப் பாத்தா பொலிஸ் தேடுற ஆள் மாதிரி இரிக்கும். கீழ சின்ன எழுத்தில 'மாபெரும் முடிச்சவிழ்ப்பு விழா'.

அஸ்ஹர் மாஸ்டர் மைக்கப் பிடிச்சார். நாலு ஸ்பீக்கரும் அலறத் தொடங்கிச்சு. சாய்ந்தமருதில இருந்து பாண்டிருப்பு வரைக்கும் கேட்டிரிக்கும்.

"கண்ணியத்துக்குரிய பெரியோர்களே! இந்தச் சங்கம் ஆரம்பித்த நாள் முதலாக இவ்வூரில் ஒருவர்கூடக் கண்டெடுத்த பணத்தை எங்களிடம் ஒப்படைத்ததில்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? இவ்வூரில் நேர்மையாளர்கள் இல்லை என்று தெரிகிறது! சிலர் பொருளை உரியவரிடம் நேரடியாகவே கொடுத்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். அது நேர்மையல்ல, அது ஒழுங்கீனம்! சங்கத்துக்குத் தெரியாமல் செய்யப்படும் நேர்மையை நாங்கள் எப்படி ஆண்டறிக்கையில் போடுவது? ஆனால் நேற்று, ஓர் ஏழை ஓட்டோ ஓட்டுநர், பனையோலைக் கொட்டப்பெட்டி ஒன்றை, தங்கூசி நூலால் மூன்று சுற்றுச் சுற்றி வலைக்காரர் முடிச்சுப் போடப்பட்ட, கருவாட்டு மணம் வீசும், ஒரு பக்கத்து மூலையில் சிவப்பு ஓலை வைத்து இழைத்த அந்தப் பெட்டியை..."

நிஸாம் மேடையில இருந்து நெளிஞ்சான். ஹாஜியார்ட காதுக்குள்ள, "ஹாஜியார், அடையாளத்தையெல்லாம் மைக்கில சொல்றாரே" எண்டான்.

"சொல்லட்டும் மகன். வெளிப்படைத்தன்மை."

பிறகு ஒரு தட்டத்தில சிவப்பு ரிப்பனும் கத்திரிக்கோலும் வந்திச்சு. ஹாஜியார் எழும்பி, கமராவுக்குச் சிரிச்சு, பிஸ்மில்லாஹ் சொல்லி, அந்த முடிச்ச வெட்டினார். அவிழ்க்கல்ல, வெட்டினார். கை தட்டினாங்க. சல்லிய எல்லாரும் பாக்க எண்ணி, மூணு லட்சம் எண்டு அறிவிச்சு, பேஸ்புக் லைவில தாள் தாளாக் காட்டினாங்க. நிஸாம்ட தோள்ல பொன்னாடை விழுந்திச்சு.

அப்பதான் சனத்துக்குப் பின்னால ஒரு குரல். "ஐயோ, அது என்ட கொட்டப்பெட்டி! என்ட காசு ஐயா!"

நிஸாம் திரும்பிப் பாத்தான். அதே அக்கா. பாண்டிருப்பில இருந்து செருப்பும் இல்லாம ஓடி வந்திரிக்கா. எழும்பப் போனவன்ட தோளப் பிடிச்சு அமத்தினார் ஹாஜியார். மாஸ்டர் மைக்கிலயே சொன்னார்: "அமைதி! உரிமை கோருவோர் நாளைக் காலை ஒன்பது மணிக்கு வரிசையில் வரவும். இப்போது நன்றியுரை."

நன்றியுரை பொழுது பட்டு மஃரிபு தொழுகை வரைக்கும் போச்சு.

பந்தல் கழற்றக்குள்ளதான் நிஸாமுக்கு அந்த அக்காவோட கதைக்கக் கிடைச்சிச்சு. பேர் பாலம்மா. புருசன் தம்பிமுத்துவுக்கு ஒரு தோணி. தோணியிர எஞ்சின் போன மாசம் அலையடிச்சுக் கடலோட போயிட்டு. ஒலுவில்ல ஒராள் பாவிச்ச பழைய எஞ்சின் ஒண்டு விக்கிறத்துக்கு வெச்சிரிக்கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியிற வரைக்கும் பாத்துக்கொண்டிரிப்பன், வராட்டி பொத்துவில் ஆள் ஒருத்தனுக்குக் குடுத்திருவன் எண்டு முகத்துக்கு நேர சொல்லிட்டார். இவ நகை நட்டு வித்து, சீட்டெடுத்து, கருவாடு வித்துச் சேத்த சல்லி அது.

"மனிசனுக்கு இன்னும் சொல்லல்ல தம்பி," எண்டு பாலம்மா வாயச் சேலையால பொத்திக்கொண்டு அழுதா. "வெள்ளிக்கிழமை எஞ்சினேத்த வாகனமும் பேசிட்டாரு. இது தவறினா இன்னொரு தோணியில கூலிக்குத்தான் போகணும். போன வருசம் எஞ்சின் பழுதான நேரம் அப்படிப் போய்த்தான் கையில கயிறு அறுத்து மூணு விரலும் மடங்காமப் போச்சு. இன்னொருக்கா போனா கையே போயிரும்."

நிஸாமுக்கு அந்தப் பொன்னாடை கழுத்தச் சுத்தி இறுக்கிற மாதிரி இருந்திச்சு. "அழாதீங்க அக்கா. நாளைக்கு நான் வந்து சாட்சி சொல்றன். நாளைக்கே கிடைக்கும்" எண்டான். பாவி, நம்பித்தான் சொன்னான்.

வியாழக்கிழமை காலையில போய்ப் பாத்தா சங்கத்துக்கு முன்னால வரிசை, ரேஷன் கடையில நிண்ட மாதிரி. எல்லாருக்கும் மூணு லட்சம் தொலைஞ்சிரிக்கு. எல்லார்டயும் கொட்டப்பெட்டி, எல்லாத்திலயும் தங்கூசி, மூணு சுத்து, மூலையில சிவப்பு ஓலை. ஒராள் தன்ட பெட்டியிர சோடியெண்டு புதுசா இழைச்ச ஒண்டையே கொண்டு வந்திரிந்தான், ஓலைச் சாயம் இன்னும் காயல்ல. கோட்டும் டையும் போட்ட ஒராள், வாழ்க்கையில கருவாட்டத் தொட்டே பாத்திராதவர், காற்சட்டைப் பொக்கட்டுக்குள்ள ஒரு நெத்தலிய வெச்சுக்கொண்டு நிண்டார்.

பாலம்மாட முறை வந்திச்சு. அவ அடையாளத்த ஒண்டொண்டாச் சொன்னா. அஸ்ஹர் மாஸ்டர் கண்ணாடிய இறக்கிப் பாத்தார்.

"இதெல்லாம் நேற்று நான் மைக்கில சொன்னதுதானேம்மா?"

"நீங்க சொன்னா நான் என்ன செய்யிற ஐயா? அது என்ட பெட்டிதானே!"

"அதத்தான் நானும் கேட்கிறன். ஊருக்கே தெரிஞ்ச அடையாளம் எப்படி அடையாளமாகும்? ஊருக்குத் தெரியாத ஒரு அடையாளம் சொல்லுங்க."

"முடிச்சு ஐயா! அந்த முடிச்சு என்ட மனிசன் போட்டது. அது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். குடுங்க, நான் காட்டுறன்."

மாஸ்டரும் ஹாஜியாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. முடிச்ச வெட்டின துண்டு பேனரோட சுருட்டிக் குப்பைக்குப் போயிட்டு. ஹாஜியார் தொண்டையக் கனைச்சார். "முடிச்சு விழாவில் பயன்படுத்தப்பட்டுவிட்டது."

நிஸாமுக்கு அடக்க ஏலாமப் போச்சு. "ஹாஜியார், இவங்கள நான்தான் ஏத்தினன். நான்தான் இறக்கினன். இவங்கட சல்லிதான். நான் சாட்சி."

"கண்டெடுத்தவர் சாட்சி சொல்ல ஏலாது. யாப்பில இரிக்கி."

"ஏன் ஏலா?"

"நேர்மைச் செம்மல் ஒரு பக்கம் சாய்ஞ்சா அது நேர்மையா?" எண்டு ஹாஜியார் கேட்டார். கேட்டுட்டு அவரே தலையாட்டி ரசிச்சார்.

பிறகு மணப் பரிசோதனை உபகுழு எண்டு ஒண்டு உருவாகிச்சு. ஹாஜியார்தான் அதுக்கும் தலைவர். வரிசையில நிண்ட ஒவ்வொருத்தர்ட கையா எடுத்து மோந்து பாத்தார். ஹாஜியாருக்குப் பீனிசம், கடை மண்ணெண்ணெய் மணத்தயே மூணு நாளைக்கு ஒருக்காத்தான் பிடிப்பார். எல்லாக் கையும் ஒரே மணமெண்டு தீர்ப்புச் சொன்னார். நெத்தலிக்காரர்ட கையக் கொஞ்சம் கூடவே பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

பின்னேரம் முடிவு வந்திச்சு. அதையும் மைக்கிலதான் சொன்னாங்க. உரியவர் திட்டமாகத் தெரியாதபடியால் மார்க்கப்படி ஒரு வருஷம் அறிவித்தல் செய்யப்படும். அறிவித்தல் செலவும் விழாச் செலவும் வருஷ முடிவில் அந்தச் சல்லியிலேயே கழியும். ஒரு வருஷத்துக்குப் பிறகும் உரியவர் தெரியாட்டி, சல்லி நற்பணிக்குப் போகும். நற்பணி என்னவெண்டு இப்பவே முடிவாகிட்டு, சங்கத்துக்கு மேல்மாடி. படமும் கீறி சுவரில ஒட்டியாச்சு. அதில தண்ணித் தாங்கிக்கு மட்டும் நீலக் கலர் அடிச்சிருந்திச்சு.

நல்லாக் கேட்டுக்கொள்ளுங்க. உரியவன் வாற வரைக்கும் அறிவிக்கச் சொல்லித்தான் மார்க்கம் சொன்ன. உரியவள் முன்னால வந்து நிண்டு அழக்குள்ள அவவுக்கு அறிவிக்கச் சொல்லி எங்கயும் சொல்லல்ல.

"ஹாஜியார்," எண்டு நிஸாம் கெஞ்சினான், "நாளைக்கு ஜும்ஆவோட அவங்கட எஞ்சின் போயிரும். அந்த மனிசன்ட கை போயிரும்."

ஹாஜியார் அவன்ட முதுகத் தடவிக் குடுத்தார். "மகன், அவசரம் சல்லிக்கு இரிக்கும். நீதிக்கு அவசரம் இல்ல. அந்தத் தங்கச்சியக் கவலப்பட வேணாமெண்டு சொல்லு. வருஷ முடிவில நல்லிணக்க விழா ஒண்டு வெக்கிறம். மேடையில என்ட பக்கத்தில இருத்துவன். நல்ல போட்டோ வரும்."

பாலம்மா சேலைத் தலைப்ப இழுத்துச் சொருகினா. படியில இறங்கி வெயிலுக்குள்ள நடந்து போனா. ஓட்டோவில ஏறுங்க அக்கா எண்டு கூப்பிட நிஸாமுக்கு வாய் வரல்ல.

வெள்ளிக்கிழமை விடிய நிஸாமுக்குச் சாப்பாடு இறங்கல்ல. றஸ்னா இடியப்பத் தட்ட அப்படியே எடுத்து மூடினா.

"சும்மா இரிந்தாச் சல்லி வருமா? எழும்புங்க."

"எழும்பி? களவெடுக்கவா சொல்ற?"

"களவெடுக்கத் தெரிஞ்ச மூஞ்சியா இது? போய்க் கேளுங்க."

"ஆர்ட எண்டு கேட்கிற? பாலம்மாட எண்டாத் தர மாட்டானுகள். நான் சொன்னாச் சாட்சி இல்லையாம். கண்டெடுத்தவன் கதைக்க ஏலாதாம். இந்த உலகத்தில அந்தச் சல்லியப் பத்திக் கதைக்க ஏலாத ஒரே ஆள் நான்தானாம்."

சொல்லிக்கொண்டு போனவன் அப்படியே நிண்டுட்டான். றஸ்னா மூஞ்சியப் பாத்துப் பயந்திட்டா.

"என்ன?"

"கண்டெடுத்தவன் கதைக்க ஏலா. சல்லிக்கு உரியவன் கதைக்கலாம்தானே?"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்திச்சு. விளங்கினதும் கதிரையில இருந்திட்டா. "ஊர் காறித் துப்பும். ஓட்டோவில ஒரு நாய் ஏறாது."

"தெரியும்."

"பொய் வேற."

"பொய்தான். பொய்யெண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். ஏனெண்டும் தெரியும்." அவன் பொன்னாடைய மடிச்சுக் கையில எடுத்தான். இந்த மனிசனுக்கு நல்ல பேர் ஒண்டைத் தவிர வேற சொத்தில்ல.

சங்கத்தில ஹாஜியாரும் மாஸ்டரும் குளிச்சு அத்தர் பூசி ஜும்ஆவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாங்க. நிஸாம் பொன்னாடைய மேசையில வெச்சான்.

"ஹாஜியார், அந்தச் சல்லி என்ட."

"என்ன?"

"நான் தொலைக்கல்ல. நான் கண்டெடுக்கவும் இல்ல. என்ட சல்லிய நானே கொட்டப்பெட்டியில போட்டு, நானே கட்டி, கண்டெடுத்தன் எண்டு கொண்டு வந்து தந்த. இது தொலைஞ்ச சாமானே இல்ல. சங்கத்துக்கு இதில வேலை இல்ல. தாங்க, போறன்."

மாஸ்டர் கதிரையத் தேடிப் பிடிச்சு இருந்தார். "கருவாட்டு மணம்?"

"எங்கட வீட்டில கருவாடு தின்னுறல்லையா மாஸ்டர்?"

"ஓட்டோ ஓட்டுற உனக்கு எங்கால மூணு லட்சம்?"

"சேத்த."

ஹாஜியார் கிட்ட வந்து கண்ணுக்குள்ள பாத்தார். "ஏன்டா இப்படிச் செய்த?"

நிஸாம் கீழ குனிஞ்சான். இதுக்கு அவன் யோசிச்சுக்கொண்டு வரல்ல. வாயில வந்ததச் சொன்னான். "பொன்னாடைக்கு ஆசப்பட்டன்."

அந்த ஒரு பதில்தான் ரெண்டு பேருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லாம விளங்கிச்சு. ஒரு பொன்னாடைக்காக மனிசன் எதுவும் செய்வான் எண்டு அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்லையே. ஹாஜியார் பெருமூச்சு விட்டார். மாஸ்டர்ட கண் மெல்ல மெல்ல வெளிச்சமாகிச்சு.

"ஹாஜியார், யோசிச்சுப் பாருங்க. நேர்மையாளனக் கண்டுபிடிச்சது ஒரு சாதனை. அவனே மோசடிக்காரனெண்டு கண்டுபிடிச்சா ரெண்டாவது சாதனை. ஒரு கிழமையில ரெண்டு! எந்தச் சங்கத்துக்கு இது வாய்ச்சிரிக்கு?"

"மெய்தான்," எண்டார் ஹாஜியார். ஆனா ஆள் யாவாரி, லேசில சல்லிய விட மனம் வரல்ல. "சரி, உன்ட சல்லியெண்டா குர்ஆன்ல கை வெச்சுச் சத்தியம் பண்ணு."

நிஸாம் இத எதிர்பாக்கல்ல. மனிசருக்குப் பொய் சொல்லலாம், அதுக்கு அல்லாஹ்ட்ட மன்னிப்பு, தவ்பா கேட்கலாம். அல்லாஹ்ட கலாமில கை வெச்சு அவனால ஏலாது, கழுத்த வெட்டினாலும் ஏலாது. வெளிய ரோட்டில ஆக்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கிட்டாங்க. ஒலுவில்ல தம்பிமுத்து ஒண்டும் தெரியாம வாகனத்தோட காத்துக்கொண்டு நிப்பார். எல்லாம் முடிஞ்சிட்டு எண்டுதான் அவன் நினைச்சான். அப்ப அவன்ட கண்ணு மேசையில கிடந்த, விழாவுக்கு வந்த பெற்றிஸ் பெட்டியில பட்டிச்சு.

"பண்ணுவம் ஹாஜியார்," எண்டான். "மூணு பேரும் பண்ணுவம். நீங்க பெரியவங்க, முதல்ல நீங்க. அந்தச் சல்லியில ஒரு ரூபாயும் தேத்தண்ணிக்கோ பெற்றிஸுக்கோ பந்தலுக்கோ எடுக்கல்ல எண்டு கை வெச்சுச் சொல்லுங்க. பிறகு மாஸ்டர். கடைசியா நான்."

மாஸ்டர் சுவரில இரிக்கிற மேல்மாடிப் படத்தப் பாத்தார். ஹாஜியார் ஜிப்பாவத் தட்டிவிட்டார், தூசி ஒண்டும் இருக்கல்ல.

"ஜும்ஆவுக்கு நேரமாகிட்டு," எண்டார் ஹாஜியார். "சத்தியத்தில விளையாடக் கூடா." அலுமாரியத் திறந்து கொட்டப்பெட்டிய எடுத்தார். எடுத்து எண்ணினார். எண்ணிட்டு, வேற பக்கம் திரும்பி, தன்ட பொக்கட்டில இருந்து கொஞ்சத் தாள எடுத்து உள்ளுக்கு வெச்சார். "போ. உன்ட மோசடிய மைக்கில அறிவிச்சிருவம். ஊர் எச்சரிக்கையா இரிக்கணும்தானே?"

"அறிவிங்க ஹாஜியார்."

பாலம்மா பாண்டிருப்பில வீட்டு வாசல்லயே குந்திக்கொண்டிருந்தா. கொட்டப்பெட்டியக் கண்டதும் நெஞ்சில கைய வெச்சுக்கொண்டு ஆடிப் போனா. எப்படித் தம்பி எண்டு கேட்டா. சங்கத்தில மனமிரங்கித் தந்திட்டாங்க அக்கா, ஏறுங்க, கதைக்க நேரமில்ல எண்டான் நிஸாம். வழியில ஜும்ஆ அவனுக்குத் தவறிப் போகுமோ எண்ட கவல வேற. ஒலுவில்ல பிடிக்கலாம், கத்தீப் பிரசங்கம் பண்ண ஏறக்குள்ள போய்ச் சேந்திரலாம் எண்டு மனசுக்குள்ள கணக்குப் போட்டான்.

பாண்டிருப்பில இருந்து ஒலுவிலுக்குப் போறதெண்டா சங்கத்தத் தாண்டித்தான் போகணும். கல்முனைச் சந்தியிலயே நாலு ஸ்பீக்கரும் கேட்கத் தொடங்கிட்டு. போன் அடிச்சிச்சு. வழமையா ஸ்கூல் புள்ளையள ஏத்தச் சொல்ற வாப்பா ஒராள். "நிஸாம், திங்கள்ல இருந்து நீ வராத. வேற ஓட்டோ பேசிட்டன்." நிஸாம் போன அணைச்சான். ரோட்டோரம் தொப்பி போட்டு நடந்து போனவங்க ஒவ்வொருத்தரா நிண்டு திரும்பி அவன்ட ஓட்டோவப் பாத்தாங்க. ஒராள் தெரிஞ்ச ஆள், முந்தநாள் விழா மேடையில வந்து கட்டிப் பிடிச்ச ஆள், எச்சிலத் துப்பினார்.

பாலம்மா கொட்டப்பெட்டிய மடியில ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு, தலைய வெளிய நீட்டிக் காது குடுத்தா. ஓட்டோ இரைச்சல்ல அவவுக்கு ஒண்டு ரெண்டு சொல்லுத்தான் பிடிபட்டிச்சு.

"தம்பி! உங்கட பேரெல்லோ மைக்கில சொல்றாங்க! என்னவாம்?"

கண்ணாடிக்குள்ளால அவட மூஞ்சியப் பாத்தான். மூணு நாளைக்குப் பிறகு அந்த மனிசி சிரிச்சுக்கொண்டிருந்தா.

"என்னப் பத்தித்தான் அக்கா. நல்லதாச் சொல்றாங்க."

"சொல்லத்தானே வேணும்! உங்களப் போல மனிசரச் சொல்லாம வேற ஆரச் சொல்ற?" பாலம்மா இன்னும் கொஞ்சம் வெளிய சாய்ஞ்சா. "கொஞ்சம் மெதுவாப் போங்க தம்பி. முழுக்கக் கேட்டுட்டுப் போவம்."

"நேரம் போயிரும் அக்கா," எண்டு சொல்லிக்கொண்டு நிஸாம் அக்ஸிலேட்டர முறுக்கினான்.